நவமணிகிட்ட நான் நெஜமாத்தான் தோத்தேன்

உக்காருங்க தம்பி, உங்க பையை நான் மடியில வெச்சுக்கறேன். இங்க நாற்காலி கெடைச்சா வுடக்கூடாது. டாக்டரம்மா ஒரு ஆளை உள்ள கூப்ட்டா லேசுல வெளிய அனுப்ப மாட்டாங்க, குந்த வெச்சு நிதானமாப் பேசுவாங்க. இப்ப உள்ள இருக்கறது என் சம்சாரம், நவமணி. வயித்துல வெச்ச குழாய்க்குக் கட்டு மாத்திகினு இருக்காங்க. நான் கூட இருந்தா ஓயாமப் பேசறேன்னு சிஸ்டர் வெளிய தள்ளிட்டாங்க. நான் எங்க பேசறேன்? கேட்டதுக்குப் பதில் சொல்றேன், அவ்ளோதான்.

நீங்க யாருக்கு வந்திருக்கீங்க? அம்மாவுக்கா? ஓகோ, அவங்களுக்கும் வயித்துல தண்ணி கோத்துக்குதா. குழாய் வெச்சுடலாம்னு சொல்லியிருப்பாங்க, அதான் மூஞ்சி இப்டித் தொங்குது. வெச்சுடுங்க தம்பி. தாராளமா வெச்சுடுங்க. குழாயால ஒரு தொல்லையும் இல்ல. ஒண்ணே ஒண்ணு, உங்க அம்மாவுக்கு கேரம் ஆடத் தெரியுமா? தெரியாதா? அப்பப் பிரச்சனையே இல்ல. எனக்கு வந்த வம்பு உங்களுக்கு வராது.

இன்னா வம்பா? எங்க தெருவுல என்னோட யாரும் மொகம் குடுத்துப் பேசறது இல்ல தம்பி. தொண்டியார்பேட்டையில அந்தத் தெருவுல பொறந்து, ஹார்பர்ல கிரேன் ஓட்டி, ரிட்டயரும் ஆயிட்டேன். தனகோட்டின்னா ஒரு மரியாதை இருந்துச்சு. இன்னிக்கு பக்கத்து வூட்டு பூங்காவனம் எனக்கு இட்லி வெச்சா சட்னி வெக்க மாட்டேங்குது. கேட்டா, "நெஞ்சுல ஈரம் இருக்கறவங்களுக்குத்தான் சட்னி"ன்னுது. நீங்க வெளியாளு. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் பண்ணது தப்பான்னு.

நவமணி கேரம் ஆடுவா. நல்லாவே ஆடுவா, இல்லன்னு சொல்லல. கல்யாணத்துக்கு முன்னாடி ஏரியா போட்டியில மூணு வாட்டி நான் அவகூட மோதியிருக்கேன். அப்ப நான் யார்கிட்டயும் தோத்ததே கெடையாது. அவகிட்ட மூணு வாட்டியும் தோத்தேன், ஆனா அது கணக்குல வராது. மொதல் வாட்டி கரண்டு போயிடுச்சு. அடுத்த வாட்டி எனக்கு ஜொரம். மூணாவது வாட்டி போர்டு ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு. அவளைக் கட்டிகிட்டா இந்தச் சங்கதி வெளிய பரவாதுன்னுதான் பொண்ணு கேக்கப் போனேன்னு எபினேசர் சொல்லுவான். எபினேசர் எங்க வெண்புறா கேரம் மன்றத்துச் செயலாளர். அவன் பேச்சை வுடுங்க.

கட்டிகிட்ட பொறவு ஞாயித்துக்கெழமைன்னா எங்க வூட்ல கேரம்தான். மத்த நாள்ல "இன்னாங்க, ஏங்க"ன்னு மரியாதையாக் கூப்புடுவா. போர்டு முன்னாடி குந்திட்டா மட்டும் "யோவ்"தான். "யோவ், கையை எடு. யோவ், பவுடரைக் கொட்டாத." ஜெயிப்பா, தோப்பா. நான் ஜெயிச்சா அது தெறமை. அவ ஜெயிச்சா அது நேரம்.

அப்புறம் இந்த நோவு வந்துச்சு. கர்ப்பப்பை பக்கத்துல. கண்டுபுடிக்கும்போதே எங்கெங்கயோ பரவிடுச்சுன்னுட்டாங்க. மருந்து ஏத்துனாங்க, முடி கொட்டுச்சு, மறுபடியும் மொளைச்சுது. அது எல்லாத்தையும் தாங்கிகிட்டா. இந்தத் தண்ணியைத்தான் தாங்க முடியல. வயிறு உப்பிப் போய் நெறமாசக்காரி மாரி ஆயிட்டா. பொடவை நிக்காது, மூணு வாய் சோத்துக்கு மேல எறங்காது, படுத்தா மூச்சு முட்டும். "இந்த வயசுல எனக்கு இன்னா வேலை வெச்சிருக்கான் பாரு எங்க வூட்டுக்காரன்"னு வர்ற போறவங்க கிட்ட எல்லாம் சொல்லுவா. எனக்கு மானம் போவும்.

ஆஸ்பத்திரிக்கு இட்டாந்தா ஊசி போட்டு தண்ணியை எடுப்பாங்க. ஒரு நாள் முழுக்க அதுக்கே போயிடும். வயிறு வத்தி வூட்டுக்குப் போவா, கொஞ்ச நாள் சிரிப்பா, திரும்ப ஏறிக்கும். அதுலயும் போர்டு போடுன்னு சொல்லுவா. போட்டா வயிறு போர்டு சட்டத்துல இடிக்கும், கை ஸ்ட்ரைக்கர் வெக்கற கோட்டுக்குக்கூட எட்டாது. பக்கவாட்டுல குந்திப் பார்த்தா. நின்னு பார்த்தா. ஒரு நாள் ஸ்ட்ரைக்கரை அப்டியே போர்டு மேல வெச்சுட்டு, "அதைச் செவுத்துல சாத்திடுங்க"ன்னா. "யோவ், சாத்திடு"ன்னு சொல்லல தம்பி. மரியாதையா, "சாத்திடுங்க"ன்னா.

அப்பத்தான் டாக்டரம்மா குழாய் பத்திச் சொன்னாங்க. படம் போட்டே காட்டினாங்க. மெல்லிசா, மெத்துனு ஒரு குழாய். ஒரு முனை வயித்துக்குள்ள இருக்கும், நடுவுல கொஞ்ச தூரம் தோலுக்கு அடியில ஓடும், மறு முனை வெளிய. வாய்ல மூடி. தண்ணி சேர்ந்தா வூட்லயே பையை மாட்டி எடுத்துடலாம், இங்க ஓடி வர வேணாம். "ஆனா இதால நோய் கொறையாதும்மா. இருக்கற நாளைக்கு ஒடம்பு கொஞ்சம் லேசா இருக்கும், அவ்ளோதான்"னாங்க. ஒளிக்காமச் சொன்னாங்க. நான் கேக்கறதுக்கு ஒரு கேள்விப் பட்டாளமே வெச்சிருந்தேன். புண்ணாவுமா, சீழ் வைக்குமான்னு. நவமணி கையால என் வாயைப் பொத்திட்டு ஒரே கேள்விதான் கேட்டா.

"முன்னால குனிய முடியுமா?"

"ஆறுனப்புறம் முடியும்மா. ஏன், தரையில இருந்து எதையாச்சும் எடுக்கணுமா?"

"இல்ல டாக்டர். கேரம் போர்டுல ரெட்டு எடுக்கணும்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தாங்க. நான் கூரையைப் பார்த்தேன்.

வெச்சாங்க. அந்த எடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சு, அவ முழிச்சிருக்கும்போதே வெச்சாங்க. சிஸ்டர் எனக்குக் கத்துக் குடுத்தாங்க. சோப்பு போட்டுக் கையைக் கழுவணும், மூஞ்சிக்கு மாஸ்க், கைக்கு உறை, குழாய் வாயைத் தொடைக்கணும், பொறவுதான் பையை மாட்டணும். ஹார்பர்ல லாரி சைசு பெட்டியை அந்தரத்துல தூக்கி பூ மாரி எறக்குனவன் நான். இந்த மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி மூணு வாட்டி கையைக் கழுவிட்டு வந்தேன். "யோவ், கப்பலா எறக்கற? சீக்கிரம் மாட்டுயா"ன்னா. யோவ்னு கூப்ட்டுட்டா பாருங்க! அன்னிக்கு நான் ரெண்டு தட்டு சோறு துன்னேன்.

கொஞ்ச நாள்ல பழகிடுச்சு. ஒண்ணு வுட்டு ஒரு நாள் நானே எடுத்துடுவேன். தெருக் குழாய்ல தண்ணி வராம பொம்பளைங்க குடத்தோட நின்னா, இவ ஜன்னல் வழியாத் தலையை நீட்டி, "எங்க வூட்டுக் குழாய்ல வருது, யாருக்கு வேணும்?"னு கேப்பா. பூங்காவனம் காதைப் பொத்திகினு ஓடும்.

புண்ணு ஆறினதும் போர்டைச் செவுத்துல இருந்து எடுத்தேன். தொடைச்சேன், பவுடர் போட்டேன். அவ குந்துனா. முன்னால சாஞ்சா. சட்டத்துக்கும் வயித்துக்கும் நடுவுல என் கை போற அளவுக்கு எடம் இருந்துச்சு. ஸ்ட்ரைக்கரைச் சுண்டுனா, காய் டக்குனு வுழுந்துச்சு. எனக்குக் கண்ணுல பவுடர் பட்டுடுச்சு. அந்தப் பவுடரே அப்டித்தான், கண்ணைக் கரிக்கும்.

இப்பத்தான் கதைக்கே வர்றேன். மன்றத்துல வருஷா வருஷம் அம்பது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்குப் போட்டி வெப்பாங்க. ஆம்பள பொம்பள எல்லாருக்கும் ஒண்ணாத்தான். நவமணி பேரு குடுத்தா. நானும் குடுத்தேன். அவ ஒரு பக்கமா எல்லாரையும் சாய்ச்சுகினு வந்தா, நான் ஒரு பக்கமா வந்தேன். ஃபைனல்ல புருஷனும் பொஞ்சாதியும். காலையில நான்தான் தண்ணி எடுத்து, குழாயைச் சுருட்டிக் கட்டு போட்டு, மேல பொடவையைச் சரி பண்ணி இட்டாந்தேன்.

கடைசி போர்டு வரைக்கும் சமமா வந்தோம். அவளுக்கு ஒரு கருப்பு பாக்கி, எனக்கு ஒரு வெள்ளை பாக்கி. நடுவுல ரெட்டு. நான் ரெட்டைப் போட்டுட்டேன். ரெட்டு போட்டா ஒடனே சொந்தக் காய் ஒண்ணைப் போடணும், அதுக்குப் பேரு ஃபாலோ. போடலன்னா ரெட்டு திரும்ப நடுவுல வந்து குந்திக்கும். என் வெள்ளைக் காய் பாக்கெட் வாசல்லயே நிக்குது. ஊதுனா வுழும். கண்ணை மூடிகினு போடலாம்.

தப்பிடுச்சு.

சத்தியமாத் தப்பிடுச்சு தம்பி. நான் ஸ்ட்ரைக்கரை வெச்சு விரலை மடக்கும்போது, நவமணி இடுப்புப் பக்கம் கையைக் குடுத்து, குழாய் மேல போட்ட கட்டை லேசா அமுக்கினா. நான் பார்த்தேன். பார்த்தது வேற, தப்புனது வேற. ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க. தப்புனதுக்குக் காரணம் ஃபேனு. அந்த மன்றத்து ஃபேன் காத்து குறுக்கால அடிக்கும். அவ ரெட்டையும் கருப்பையும் அடுத்தடுத்துப் போட்டா. முடிஞ்சுது.

தோத்தது எனக்குப் பெருசு இல்ல. அதுக்கப்புறம் நடந்ததுதான். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டறாங்க. யாரைப் பார்த்து? என்னைப் பார்த்து! எபினேசர் மைக்கைப் புடிச்சுகினு, "மனைவியின் புன்னகைக்காக வெற்றியையே விட்டுக் கொடுத்த உத்தமர்"னு ஆரம்பிச்சு, அழுதுட்டான். எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. பூங்காவனம் என் காலைத் தொடப் பார்த்துச்சு. "ஐயா, நான் வுட்டுக் குடுக்கல, தோத்துட்டேன்"னு கத்தறேன். "பெரிய மனசு, வெளிய சொல்லிக்க மாட்டாரு"ன்றாங்க. நவமணி ஜெயிச்ச கப்பைக் கையில வெச்சுகினு ஒரு ஓரமா நிக்கறா, யாரோ புள்ளையைக் கொஞ்ச நேரம் புடிச்சுக்கன்னு குடுத்துட்டுப் போன மாரி.

வூட்டுக்கு வந்ததும் கப்பை பாத்ரூம்ல வெச்சு, அதுல தண்ணி மொண்டு காலைக் கழுவுனா.

"வுட்டுக் குடுத்தீங்களா?"

"இல்ல மணி. தப்பிடுச்சு."

"அந்தக் காயை நீங்க தூக்கத்துல கூடப் போடுவீங்க."

"ஃபேன் காத்து..."

"நம்ப பொண்ணு, நான் இன்னா சொன்னாலும் சிரிக்கறா. சொந்தக்காரங்க கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கற மாரி பேசறாங்க. ஒருத்தரும் என்னோட சண்டைக்கு வர மாட்டேங்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி இருந்தீங்க."

அதுக்கப்புறம் குழாயைத் தொட வுடல தம்பி. அம்பத்தூர்ல இருக்கற எங்க பொண்ணு அனுசுயாவை வரவெச்சா. அது வந்து தண்ணி எடுக்குது, நான் கதவுக்கு இந்தாண்ட நிக்கறேன். "மாஸ்க் போட்டியா? கையைக் கழுவினியா?"ன்னு வெளியே இருந்து கேக்கறேன்.

நிரூபிக்கணும் இல்ல? எபினேசரை இட்டாந்தேன். "நீயே சொல்லுடா, நான் தோத்தேனா இல்லியா?" அவன், "ஆமாம்மா, தோத்துட்டாரும்மா"ன்னு சொல்லிகினே என்னைப் பார்த்துக் கண்ணடிக்கறான். அவ பார்த்துட்டா. சரி, நடந்ததை நடந்தபடியே காட்டிடலாம்னு போர்டைப் போட்டு, வெள்ளைக் காயை அதே எடத்துல வெச்சு, "பாரு, இப்டித்தான் தப்புச்சு"ன்னு சுண்டுனேன். வுழுந்துடுச்சு. திரும்ப வெச்சேன். வுழுந்துடுச்சு. ஃபேனைப் போட்டேன், ஜன்னலைத் திறந்தேன், எடது கையால போட்டேன். எழவு, வுழுந்துகினே இருக்குது! நவமணி கட்டிலை வுட்டு எழுந்து வந்து நின்னு பார்த்தா. "ரொம்ப நல்லாத் தப்புது"ன்னுட்டுப் போயிட்டா.

கடைசியா அவளே சொன்னா. "ஞாயித்துக்கெழமை காலையில, தெருவுல, எல்லாரும் பார்க்க ஆடணும். முழுசா ஆடணும். நீங்க வுட்டுக் குடுக்கறீங்கன்னு எனக்கு ஒரு சொட்டு சந்தேகம் வந்தாலும், நான் அம்பத்தூர் போயிடுவேன். எவ்ளோ நாளோ, அங்கயே இருந்துக்கறேன்."

எவ்ளோ நாளோன்னா. யோசிச்சுப் பார்த்தேன். ஒரே வழிதான் இருந்துச்சு.

ஞாயித்துக்கெழமை தெருவே கூடிடுச்சு. போர்டுக்கு மேல துணிப் பந்தல். பூங்காவனம் எல்லாருக்கும் சுக்குக் காப்பி குடுக்குது, எனக்கும் குடுத்துச்சு. அதுதான் அது எனக்குக் குடுத்த கடைசிக் காப்பி. மொதல் போர்டுல நவமணிக்கு ஒரு காயைக்கூட நான் வுடல. பூஜ்யம். ஜனம் கொஞ்சம் சிரிச்சுது, சும்மா வெளையாட்டுக்குப் பண்றாருன்னு. ரெண்டாவது போர்டுல சிரிப்பு நின்னுடுச்சு. "பெரியவரே, போதும்"னு ஒரு கொரலு. அனுசுயா பின்னால நின்னு என் சட்டையைப் புடிச்சு இழுக்குது, "அப்பா, அம்மாவைப் பாருப்பா"ன்னு. நான் பார்க்கல. போர்டைத்தான் பார்த்தேன்.

நவமணி சும்மா இல்ல, சண்டைக்காரி. என் காயை எல்லாம் மூலையில தள்ளி மறிச்சா. நான் சுண்டும்போது இருமுவா. "யோவ், கை கோட்டைத் தாண்டுச்சு, யோவ், திருட்டு ஆட்டம்"னு தெருவுக்கே கேக்கக் கத்துனா. மூணாவது போர்டுல ரெட்டு எடுத்து ஃபாலோவும் போட்டு, என்னைப் பார்த்து நாக்கைத் துருத்துனா. வயசுக்கு ஏத்த காரியமா அது? அடுத்த போர்டுல நான் ரெட்டும் எடுத்தேன், மிச்சத்தையும் எடுத்தேன். கடைசிக் காய் பாக்கெட் வாசல்ல நின்னுச்சு. அதே மாரி. அவ இடுப்புல கையை வெச்சுகினு என்னையே பார்க்கறா. போட்டேன். வுழுந்துச்சு.

தெருவுல ஒருத்தரும் கை தட்டல தம்பி. "பாவி"ன்னு பூங்காவனம் மட்டும் சொல்லுச்சு. எபினேசர் மூஞ்சியைத் திருப்பிகிட்டான். நவமணி போர்டுல நின்ன தன் காயையே பார்த்துகினு இருந்தா. அப்புறம் தோளு குலுங்குச்சு. அழறான்னு நெனைச்சு அனுசுயா ஓடி வந்துச்சு. அழல. சிரிக்கறா! கட்டை ஒரு கையால அமுக்கிப் புடிச்சுகினு, கண்ணுல தண்ணி வர சிரிக்கறா.

"அடப்பாவி மனுசா! சாகப் போறவகிட்ட ஒரு போர்டு வுடக் கூடாதா?"

"நீதானே முழுசா ஆடச் சொன்ன?"

"அப்ப அன்னிக்கு நெஜமாவே தப்புச்சா?"

"நெஜமாத்தான்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"அப்ப அந்தக் கப்பு என்னுதுதானா?"

"உன்னுதுதான்டி."

பாத்ரூமுக்குப் போயி கப்பை எடுத்தாந்தா. புளி போட்டுத் தேய்ச்சு டி.வி. மேல வெச்சா. மத்தியானம் மீன் கொழம்பு கேட்டு வாங்கிச் சாப்ட்டா. சாயங்காலம், "யோவ், கையைக் கழுவிட்டு வா, தண்ணி எடுக்கணும்"னா. அனுசுயா அடுத்த நாளே அம்பத்தூருக்குப் பொறப்பட்டுச்சு. என்கிட்ட சொல்லிக்காமத்தான் போச்சு.

ஆக, வூட்ல சமாதானம், தெருவுல யுத்தம். எபினேசர் வந்து அந்தப் பொன்னாடையைத் திரும்பக் கேட்டு வாங்கிகினு போயிட்டான் தம்பி! மன்றத்துல தீர்மானமாம். நவமணி எல்லார் கிட்டயும் சொல்லித்தான் பார்க்கறா, "அவரு செஞ்சதுதான் சரி"ன்னு. "புருஷனை வுட்டுக் குடுக்காத உத்தமி"ன்னு அவளுக்கு இன்னும் பேரு ஏறுது. இப்பச் சொல்லுங்க, நான் பண்ணது தப்பா?

அப்புறமா யோசிச்சுச் சொன்னாலும் பரவால்ல.

இப்பவும் ஆடறீங்களான்னா கேக்கறீங்க? இப்பவும் ஆடறோம். கட்டில் மேலயே போர்டைப் போட்டுடறேன், முதுகுக்குத் தலகாணி அண்டக் குடுத்து. ஆனா அவ இப்ப ரொம்பத் தந்திரமா ஆடறா தம்பி. ஒரு காய் போட்டுட்டு கண்ணை மூடிக்குவா, நான் காத்துகினே கெடப்பேன். எதிராளியோட கவனத்தைக் கலைக்கற வேலை அது. எனக்குத் தெரியாதா? நேத்து, "ஸ்ட்ரைக்கரை நீயே எடுத்து என் கோட்டுல வை, கை எட்டல"ன்னா. என்னை வேலை வாங்கி அலுப்பாக்கறா. ஒரு போர்டு முடிய முந்தி கொஞ்ச நேரம் ஆவும், இப்ப ரெண்டு மூணு நாள் ஆவுது. டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்ட்டு இன்னா இன்னாவோ சொன்னாங்க. மெதுவாப் பேசறாங்களா, எனக்குச் சரியாக் காதுல வுழல. நீங்க அதெல்லாம் நெனைச்சு பயந்துடாதீங்க. அம்மாவுக்குக் குழாயை வெச்சுடுங்க.

இந்தா, கதவு திறக்குது. வீல்சேர்ல ஒக்காந்து ராணி மாரி வர்றா பாருங்க. வர்றேன் மணி, வர்றேன். இன்னா? யார் கிட்ட வாயடிச்சுகினு இருந்தேனா? தம்பி கிட்ட குழாயைப் பத்திச் சொல்லிகினு இருந்தேன், வேற ஒண்ணும் இல்ல.

பையைப் புடிங்க தம்பி, நான் கெளம்பறேன். வூட்ல போர்டு பாதியில நிக்குது, எனக்கு ரெண்டே காய்தான் பாக்கி. இன்னிக்கு முடிச்சுடுவேன். அவளுக்கு ஏழு காய் நிக்குது, பாவம்.

ஐய, வாய் தவறிடுச்சு. நான் பாவம்னு சொன்னதை அவகிட்ட சொல்லிடாதீங்க.